கிரிட் எங்கே?

புதிதாக ஒரு யூஐ ஃபிரேம்வொர்க் (திரைகளைக் கட்டத் தயாராகக் கிடைக்கும் கருவித்தொகுப்பு) வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நான் முதலில் தேடுவது அதில் கிரிட் இருக்கிறதா என்பதைத்தான். அனிமேஷன், நிழல், வட்டமான மூலைகள் எல்லாம் அப்புறம். வரிசை வரிசையாக எண்களைக் காட்டி, அங்கேயே தட்டித் திருத்த விட்டு, கீழே கூட்டுத்தொகை போடக்கூடிய ஒரு கிரிட், ஃபிரேம்வொர்க்கோடு சேர்ந்தே வருகிறதா? வரவில்லை என்றால் அதை எழுதியவர்கள் என்னைப் போன்றவர்களை நினைத்து எழுதவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

என்னைப் போன்றவர்கள் என்றால், கோவை, திருப்பூர் பக்கத்து மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்கள். நூல் எத்தனை மூட்டை வந்தது, நிட்டிங்குக்கு எவ்வளவு போனது, சாயப்பட்டறையிலிருந்து எத்தனை கிலோ திரும்பியது, நடுவில் எவ்வளவு குறைந்தது, யாருக்கு என்ன விலையில் பில் போட்டோம், யார் இன்னும் பணம் தரவில்லை. திரையில் வருவது முழுக்க இதுதான். ஒரு திரைக்கு நாற்பது ஐம்பது பெட்டிகள், அதற்குக் கீழே ஒரு கிரிட். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை ஒருவர் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுவார்கள்: "சார், இன்னும் வின்ஃபார்ம்ஸா? டபிள்யூபிஎஃப்புக்கோ வின்யூஐக்கோ போகக்கூடாதா?" மூன்றுமே விண்டோஸ் திரைகளை எழுத மைக்ரோசாஃப்ட் தந்த ஃபிரேம்வொர்க்குகள்; வின்ஃபார்ம்ஸ் பழசு, மற்ற இரண்டும் பின்னால் வந்தவை. கேள்வியில் தப்பில்லை. வின்ஃபார்ம்ஸ் 2002இல், மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராம் தளமான டாட்நெட்டின் 1.0 பதிப்புடன் வந்தது. கேட்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். "போகலாம்", "வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டபிள்யூபிஎஃப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் தாய். அவலான் என்ற பெயரில் 2003இல் லாஸ் ஏஞ்சலீஸ் டெவலப்பர் மாநாட்டில் காட்டினார்கள். 2006 நவம்பரில் டாட்நெட் 3.0 உடன் வெளிவந்தது. வின்ஃபார்ம்ஸ், விண்டோஸின் பழைய பட்டனையும் டெக்ஸ்ட் பாக்ஸையும் எடுத்து மேலே ஒரு உறை போட்டது. டபிள்யூபிஎஃப் அப்படியில்லை. பட்டன் முதல் எழுத்து வரை எல்லாவற்றையும் டைரக்ட்எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் வசதி வழியாகத் தானே வரைந்தது. பிக்சல் கணக்குக்குப் பதிலாக ஒரு அங்குலத்தில் 96இல் ஒரு பங்கு என்ற அலகு. தோற்றத்தை ஸாமல் என்ற குறிமொழியில் தனியாக எழுதலாம். ஒரு பட்டனுக்குள் படம் வைக்கலாம், அந்தப் படத்துக்குள் வீடியோ ஓடவிடலாம். அந்தக் காலத்து டெமோக்களில் ஏதோ ஒரு முப்பரிமாணப் பெட்டி சுழன்றுகொண்டே இருக்கும், அதன் ஒவ்வொரு முகத்திலும் ஒரு படம் ஓடும்.

எல்லாம் இருந்தது. கிரிட் இல்லை. தேதி தேர்ந்தெடுக்கும் கன்ட்ரோல்கூட இல்லை!

விபி 6இல் (பழைய விசுவல் பேசிக்கில்) ஃப்ளெக்ஸ்கிரிட் வைத்து பில் போட்டவர்கள் நாம். வின்ஃபார்ம்ஸின் முதல் பதிப்பிலேயே ஒரு டேட்டாகிரிட் இருந்தது. 2005இல் டேட்டாகிரிட்வியூ என்று அதைவிட நல்லதே வந்துவிட்டது. அடுத்த ஆண்டே வந்த "அடுத்த தலைமுறை" ஃபிரேம்வொர்க்கில் அது கிடையாது. 2008இல் தனி டூல்கிட்டாக ஒன்று கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் டாட்நெட் 4 வந்தபோதுதான் டேட்டாகிரிட்டும் டேட்பிக்கரும் ஃபிரேம்வொர்க்குக்குள்ளேயே வந்தன. கிட்டத்தட்ட மூன்றரை ஆண்டு. அதுவரை எழுத்தும் தெளிவாக இருக்காது. சின்ன எழுத்தில் எண்களைப் படித்தால் விளிம்புகள் லேசாகக் கலங்கித் தெரியும். நாள் முழுக்க எட்டு, ஒன்பது பாயின்ட் எழுத்தைப் பார்க்கிறவருக்கு இது சாதாரண விஷயமில்லை, மாலையில் கண் எரியும். அந்தக் குறையும் டாட்நெட் 4இல்தான் சரியானது. அதே சமயம்தான் மைக்ரோசாஃப்ட், புரோகிராம் எழுதும் தன் கருவியான விசுவல் ஸ்டுடியோ 2010ஐ டபிள்யூபிஎஃப்பில் எழுதி வெளியிட்டது. தன் ஆட்களே நாள் முழுக்க அந்த எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது எழுத்து தெளிவானது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இடைப்பட்ட காலத்தில் கிரிட் விற்றுப் பிழைத்த கம்பெனிகள் பல. டெவ்எக்ஸ்பிரஸ், டெலரிக், இன்ஃப்ராஜிஸ்டிக்ஸ், சின்க்ஃப்யூஷன். இதில் சின்க்ஃப்யூஷனின் வேலையில் பெரும்பகுதி சென்னையில்தான் நடக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு கணக்காளர் தட்டுகிற கிரிட்டை எழுதியவர் நம் ஊர்க்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த கன்ட்ரோல்களைக் குறை சொல்ல மாட்டேன், பலவும் மிக நன்றாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து கிரிட் வாங்கினால் நாம் நம்பியிருக்க வேண்டிய கம்பெனி ஒன்றுக்கு இரண்டாகிறது. ஃபிரேம்வொர்க் ஒரு பக்கம், கிரிட் ஒரு பக்கம். இரண்டின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும், இரண்டும் பத்து ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும்.

சரி, கிரிட் இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு, பிரவுசருக்குள் பிளக்இன்னாக (சேர்த்துப் பொருத்தும் துண்டாக) ஓடிய மைக்ரோசாஃப்ட்டின் சில்வர்லைட்டே சாட்சி.

2008 அக்டோபரில் வந்த சில்வர்லைட் 2இல் டேட்டாகிரிட் இருந்தது. டபிள்யூபிஎஃப்பின் மூலத் தொகுப்பில் வருவதற்கு முன்பே! மூன்றாம் பதிப்பில் பிரவுசருக்கு வெளியே தனி அப்ளிகேஷனாக ஓடவைக்கலாம் என்றார்கள். நான்காம் பதிப்பில் பிரிண்டிங் வந்தது. சி ஷார்ப்பில் எழுதலாம், சர்வரில் போட்டால் எல்லாக் கிளைகளுக்கும் போய்விடும், ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பிசினஸ் சாஃப்ட்வேர்க்காரன் கேட்ட வரம் அத்தனையும் ஒரே இடத்தில். என் கிரிட் சோதனையில் நூற்றுக்கு நூறு.

2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் பாப் மக்லியா, சில்வர்லைட் பற்றிய தங்கள் வியூகம் மாறிவிட்டது என்று ஒரு பேட்டியில் சொன்னார். எல்லாத் தளங்களுக்கும் போகும் வழி இனி ஹெச்டிஎம்எல்தான் என்றார். ஐபோனும் ஐபேடும் எந்த பிளக்இன்னையும் உள்ளே விடாத காலம் அது. 2011 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பே கடைசி. 2015 செப்டம்பரில் குரோம் 45 அந்த வகை பிளக்இன்களை முழுவதுமாக நிறுத்தியது. அதே ஆண்டு வந்த எட்ஜ் பிரவுசரிலும் சில்வர்லைட் கிடையாது. 2021 அக்டோபர் 12 அன்று ஆதரவு முடிந்தது. கடைசி வரை சில்வர்லைட்டில் ஓடிய அப்ளிகேஷன்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒன்றே கதி.

தொழில்நுட்பமாக அது மோசமானதே இல்லை. அது குடியிருந்த வீடுதான் அடுத்தவருடையது. பிரவுசர் எழுதுகிறவர்கள் "இனி உள்ளே விட மாட்டோம்" என்றால் அவ்வளவுதான். டபிள்யூபிஎஃப்புக்கு விண்டோஸ் இருந்தால் போதும், வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2006இல் பிறந்தது இன்றும் ஓடுவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே கிரிட்டுக்கு அடுத்து நான் கேட்கும் கேள்வி: இது யாருடைய தயவில் ஓடுகிறது? மூன்றாவது கேள்வியும் உண்டு: செய்தவர்களே இதை வைத்துத் தங்கள் சாப்பாட்டுக்கான வேலையைச் செய்கிறார்களா? விசுவல் ஸ்டுடியோ டபிள்யூபிஎஃப்பில் இருக்கும்வரை எனக்கு அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

விண்டோஸ் 8 காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். 2012இல் எல்லாம் தொடுதிரை, எல்லாம் ஓடுகள், எல்லாம் ஸ்டோர். 2015இல் அந்த ஸ்டோர் அப்ளிகேஷன்களுக்கான ஃபிரேம்வொர்க் யூடபிள்யூபி ஆனது. அதிலும் கிரிட் இல்லை. பல ஆண்டு கழித்து கம்யூனிட்டி டூல்கிட்டில் ஒன்று சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சில்வர்லைட்டின் கிரிட்டைத்தான் எடுத்து மாற்றிக் கொடுத்தார்கள். விரலுக்கு ஏற்றபடி ஒவ்வொரு பெட்டியும் உயரமாக இருந்ததால் வின்ஃபார்ம்ஸில் முப்பது வரி தெரிந்த இடத்தில் பதினைந்துதான் தெரியும். பிறகு நெருக்கமான அளவு என்றொரு வசதியைத் தனியாகச் சேர்க்க வேண்டிவந்தது. 2021 நவம்பரில் விண்டோஸ் ஆப் எஸ்டிகே 1.0 வழியாக வின்யூஐ 3 வந்தபோதும் உள்ளே டேட்டாகிரிட் இல்லை. 2022இல் வந்த, போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து எழுதும் மாவியிலும் இல்லை. பிரவுசருக்கான பிளேஸரில் குவிக்கிரிட் என்று ஒன்று 2023 நவம்பரில் டாட்நெட் 8 உடன்தான் அதிகாரப்பூர்வமாக வந்தது. ஒவ்வொரு முறையும் இதே கதை. மேடையில் காட்டுவதற்கு கிரிட் ஒரு சுவாரஸ்யமான பொருள் இல்லை போலும்.

இனி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வருகிறேன்.

பிசினஸ் சாஃப்ட்வேரில் வாங்குகிறவர் வேறு, தட்டுகிறவர் வேறு. முதலாளி டெமோ பார்ப்பார். டேஷ்போர்டில் வட்டமும் பட்டையுமாக வந்தால் அவருக்குப் பிடிக்கும். அக்கவுண்ட்ஸ் அறையில் இருப்பவர் பார்ப்பது வேறு. ஒரு பனியன் கம்பெனியில் புதிய திரை ஒன்றைக் காட்டினோம். தட்டையான வடிவமைப்பு, நிறைய இடைவெளி. பல வருடமாக அங்கே பில் போடுகிற அக்கா ஒருவர் திரையைப் பார்க்கவே இல்லை. வலது கையை நம்பர் பேடில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, எண்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போகுதுங்களா?"

இந்த ஒரு கேள்விக்குள் பெரிய விஷயம் இருக்கிறது. விண்டோஸ் மரபுப்படி அடுத்த பெட்டிக்குப் போவது டேப் கீ. ஆனால் டாஸ் காலத்திலிருந்தும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்தும் வந்த கைகளுக்கு எண்டர்தான். நம்பர் பேடில் எண் அடிக்கும் கைக்கு டேப் கீ எட்டாத தூரம், எண்டர் சுண்டுவிரல் பக்கத்தில். வின்ஃபார்ம்ஸில் எண்டரை டேப் ஆக மாற்ற ஒரு பேஸ் ஃபார்மில் சில வரி எழுதினால் போதும், எல்லாத் திரைக்கும் வந்துவிடும். டபிள்யூபிஎஃப்பிலும் முடியும். ஆனால் கிரிட்டுக்குள் எண்டர் அடித்தால் அது கீழ் வரிசைக்குப் போகும். நமக்கு வலப்பக்கம் போக வேண்டும், கடைசிக் கட்டத்தில் புதிய வரி திறக்க வேண்டும், வெற்று வரியில் எண்டர் அடித்தால் கிரிட்டை விட்டு வெளியே வந்து "சேவ் செய்யவா" என்று கேட்க வேண்டும். எழுதலாம். ஆனால் நாள் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டிய வேலை அது, டெமோவில் அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள்.

டேலியைப் பாருங்கள். 2020 நவம்பரில் டேலிபிரைம் என்று முகத்தையே மாற்றினார்கள். மெனு மாறியது, நிறம் மாறியது, பல ஷார்ட்கட்டும் மாறின. ஆனால் எஃப்5 அன்றும் பேமெண்ட், இன்றும் பேமெண்ட். எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். அந்த வரிசையில் கை வைக்கவில்லை. நாடு முழுக்க உள்ள கணக்காளர்களின் விரல்களில் அது ஏறிப்போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். யூஐ மாற்றம் பற்றி யாராவது வகுப்பு எடுத்தால் அந்த ஐந்து சாவிகளை வைத்தே ஒரு மணி நேரம் எடுக்கலாம்.

இவ்வளவு சொன்னதால் நான் பழசுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். வின்ஃபார்ம்ஸ் நம்மை உண்மையிலேயே கெடுத்திருக்கிறது. எப்படி என்றால், ஃபார்மில் ஒரு பட்டனை இழுத்துப் போடு, அதன்மேல் இரண்டு தட்டு தட்டு, திறக்கிற கிளிக் ஈவென்ட்டில் புரோகிராம் கோடு எழுது. கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதனாலேயே விலைக் கணக்கும் வரிக் கணக்கும் ஸ்டாக் கழிப்பதும் சேவ் பட்டனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பிறகு அதே கணக்கு டெலிவரி சலான் ஃபார்மில் ஒரு முறை, ப்ரோஃபார்மாவில் ஒரு முறை, கிரெடிட் நோட்டில் ஒரு முறை காப்பி ஆகிறது.

வரி மாறும்போது இதன் வலி தெரியும். 2007 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் வாட் வந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி. ஆயத்த ஆடைக்கு ஒரு விதி: உருப்படி ஒன்றின் விலை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், மேலே போனால் 12. வெளிமாநிலத்துக்கு என்றால் ஐஜிஎஸ்டி, உள்ளூருக்கு என்றால் இரண்டாகப் பிரித்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22இலிருந்து அந்த ஆயிரம் ரூபாய் எல்லை 2500 ஆனது, மேலே உள்ளதற்கு 18 சதவீதம். இதில் பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. ஆனால் செப்டம்பர் 20ஆம் தேதி போட்ட பில்லுக்கு அக்டோபரில் சரக்குத் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போக வேண்டும். அதாவது விகிதம் மட்டும் போதாது, தேதியும் விதியின் ஒரு பகுதி. இந்த விதி ஒரே இடத்தில் இருந்தால் அங்கே ஒரு வரி சேர்த்து, சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இருபது ஃபார்மின் சேவ் பட்டனுக்குள் சிதறிக் கிடந்தால் எந்த ஃபார்மை விட்டோம் என்பதை வாடிக்கையாளரின் ஆடிட்டர்தான் போன் செய்து சொல்வார்.

டபிள்யூபிஎஃப்பின் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது, அதன் தோற்றத்தில் இல்லை. 2005இல் மைக்ரோசாஃப்ட்டின் ஜான் காஸ்மன் எம்விவிஎம் என்ற முறையைப் பற்றி எழுதினார். திரை ஒரு பக்கம், திரையின் நிலையை வைத்திருக்கும் வியூமாடல் ஒரு பக்கம், வியாபார விதி ஒரு பக்கம். நடுவில், ஒன்று மாறினால் மற்றதும் தானே மாறும்படி இணைக்கும் பைண்டிங். டபிள்யூபிஎஃப்பில் பட்டன் கிளிக்கில் கோடு எழுதத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் பைண்டிங் அவ்வளவு வசதியாக இருப்பதால் கணக்கு தானாகவே ஃபார்மை விட்டு வெளியே வந்துவிடும். சோம்பேறித்தனம் நல்ல பக்கத்துக்குத் தள்ளும் அபூர்வமான இடம் இது.

அதற்கு விலையும் உண்டு. டிபென்டன்ஸி பிராப்பர்ட்டி, ரூட்டட் ஈவென்ட், டெம்ப்ளேட், கன்வெர்ட்டர் என்று கற்க வேண்டியது மலைபோல். பைண்டிங்கில் ஒரு எழுத்து தப்பினால் அப்ளிகேஷன் உடைந்து விழாது. பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். அவுட்புட் ஜன்னலில் ஒரு நீளமான வரி ஓடும், பார்த்தால் உண்டு. அந்தத் தப்புகளைத் தனியாகப் பட்டியலிடும் ஜன்னல் விசுவல் ஸ்டுடியோவில் வர பத்தாண்டுக்கு மேல் ஆனது. இரண்டு பேர் உள்ள கடையில் இருவருமே இதைக் கற்றுத் தேற ஒரு வருடம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்திலும் வாடிக்கையாளர்கள் போன் செய்துகொண்டேதான் இருப்பார்கள்.

அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது இது: எம்விவிஎம் தரும் நன்மையில் முக்கால் பங்கை வின்ஃபார்ம்ஸிலேயே இருந்துகொண்டு எடுக்கலாம். வரி, விலை, ஸ்டாக் விதிகளை ஃபார்மிலிருந்து பிடுங்கி யூஐ பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு தனி லைப்ரரியில் வை. ஃபார்ம் வாங்குவதும் காட்டுவதும் மட்டும் செய்யட்டும். அதைச் செய்தபிறகு எந்த ஃபிரேம்வொர்க்குக்குப் போனாலும் போவது திரை மட்டும்தான். அதைச் செய்யாமல் போனால் பழைய சிக்கலைப் புதிய மொழியில் திரும்ப எழுதிக்கொண்டிருப்பாய், வின்யூஐயாக இருந்தாலும் வெப் பக்கத்து ரியாக்ட்டாக இருந்தாலும்.

புதியது கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஒன்று, திரையின் அளவு. இப்போது வரும் லேப்டாப்புகளில் 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுவது சாதாரணம். பழைய வின்ஃபார்ம்ஸ் திரை அங்கே ஒன்று மங்கித் தெரியும், இல்லையென்றால் எழுத்து வெட்டுப்படும். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7க்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது, ஆனாலும் இரண்டு மானிட்டர்களை வேறு வேறு அளவில் வைத்திருப்பவர் ஃபார்மை இழுத்துக்கொண்டு போகும்போது மனசு திக்திக் என்கிறது. டபிள்யூபிஎஃப்பில் இந்தக் கவலை மிகக் குறைவு.

இரண்டாவது தமிழ். லேபிளை "இன்வாய்ஸ் டேட்" என்று ஆங்கிலத்தில் எழுதி, பிக்சல் கணக்கில் அகலம் வைத்து முடித்துவிட்டிருப்போம். ஒரு கூட்டுறவுச் சங்கம் தமிழில் வேண்டும் என்று கேட்கும். "கொள்முதல் திருப்பம் செய்த தேதி" என்று போட்டால் பாதி லேபிள் டெக்ஸ்ட் பாக்ஸுக்கு அடியில் போய்விடும். உயரமும் போதாது, மேலே உள்ள கொம்பும் கீழே உள்ள சுழியும் வெட்டுப்படும். டபிள்யூபிஎஃப்பின் கிரிட் பேனல் (பெட்டிகளை அடுக்கும் சட்டகம், மேலே சொன்ன எண் கிரிட் இல்லை), உள்ளே உள்ள எழுத்துக்கு ஏற்பத் தானே விரியும். வின்ஃபார்ம்ஸிலும் 2005இலிருந்து டேபிள்லேஅவுட்பேனல் இருக்கிறது, ஆனால் இழுத்துப் போட்டுப் பழகியவர்கள் அதைத் தொடுவதில்லை. இரண்டு மொழி வேண்டும் என்று முதல் நாளே தெரிந்த புதிய புராஜெக்ட்டுக்கு நான் டபிள்யூபிஎஃப் பக்கம்தான் சாய்வேன்.

மூன்றாவது, எண்ணாக இல்லாமல் படமாகப் பார்க்க வேண்டிய தகவல். நிட்டிங் மெஷின்களுக்கு எந்த ஆர்டர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற லோடிங் சார்ட். பட்டைகளை இழுத்து நகர்த்த வேண்டும், தாமதமானது சிவப்பாக வேண்டும். வின்ஃபார்ம்ஸில் இதைக் கையால் வரைவது தண்டனை. டபிள்யூபிஎஃப்பில் அந்த ஒரு திரையை மட்டும் எழுதி, எலிமெண்ட்ஹோஸ்ட் வழியாகப் பழைய வின்ஃபார்ம்ஸ் ஃபார்முக்குள்ளேயே வைத்தோம். பயன்படுத்துகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. இந்த வசதியைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. மாறுவது என்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மாறுவது என்று நினைக்கிறார்கள். ஒரு திரையை மட்டும் மாற்றலாம்.

இங்கே யாராவது குறுக்கிட்டு, "இதெல்லாம் எதற்கு, பிரவுசருக்குப் போய்விடுங்கள்" என்பார்கள். நியாயமான பேச்சு. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், மேக்கிலும் போனிலும் ஓடும், வேலைக்கு ஆளும் கிடைக்கும். கடைசிக் காரணம் லேசானதில்லை. "வின்ஃபார்ம்ஸ் தெரிந்த ஆள் தேவை" என்று விளம்பரம் போட்டால் கல்லூரி முடித்த பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ரியாக்ட் என்று போட்டால் மெயில் பெட்டி நிரம்பும். ஆனால் வெப் உலகமும் நிலையான இடம் என்று நம்ப வேண்டாம். ஆங்குலர்ஜேஎஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் 2014இல் நம்பி இறங்கியவர்களிடம் கேளுங்கள். 2016 செப்டம்பரில் வந்த ஆங்குலர் 2 கிட்டத்தட்ட வேறொரு பொருள். பழையதற்கு 2021 முடிவோடு ஆதரவும் முடிந்தது. அதே 2014இல் எழுதிய வின்ஃபார்ம்ஸ் ஃபார்ம் இன்றும் அப்படியே திறக்கும்.

அப்புறம், எங்கள் ஊரில் சாஃப்ட்வேர் திரையோடு முடிவதில்லை. எடை மேடையிலிருந்து சீரியல் போர்ட் வழியாகக் கிலோ வர வேண்டும். பார்கோடு பிரிண்டர் இருக்கும். சலான் இன்னும் டாட் மேட்ரிக்ஸில்தான் போகிறது, ஏனென்றால் கார்பன் வைத்து மூன்று பிரதி ஒரே அடியில் வேண்டும். பிரிண்டருக்கு நேராக எஸ்கேப் கோடு (பிரிண்டருக்கான கட்டளை) அனுப்பினால் சர்ரென்று வரும். பிரவுசரிலிருந்து அதைச் செய்ய நடுவில் ஒரு சின்ன புரோகிராமை அந்தக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை என்றுதானே பிரவுசருக்குப் போனோம்?

ஆகவே நாங்கள் பிரித்துக்கொண்டோம். முதலாளி வெளியூரில் இருந்து பர்ச்சேஸ் ஆர்டருக்கு ஒப்புதல் தருவது, நிலுவை பார்ப்பது, மெர்ச்சண்டைசர் போனில் ஆர்டர் நிலையைப் பார்ப்பது எல்லாம் பிரவுசரில். என்ட்ரி, எடை, பில், சலான் வின்ஃபார்ம்ஸில். இரண்டும் அழைப்பது ஒரே விதி லைப்ரரியை. வின்யூஐ 3ஐ இப்போதைக்குத் தொடவில்லை.

வின்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்பும் 2018 டிசம்பரில் ஓப்பன் சோர்ஸ் ஆயின. 2019 செப்டம்பரில் டாட்நெட் கோர் 3.0 உடன் இரண்டும், பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்குப் பதிலாக வந்த புதிய டாட்நெட் தளத்துக்கு வந்துவிட்டன. 2024இல் டாட்நெட் 9இல் டபிள்யூபிஎஃப்புக்கு ஃப்ளூயன்ட் தோற்றமும் வின்ஃபார்ம்ஸுக்குச் சோதனை நிலையில் டார்க் மோடும் கொடுத்தார்கள். செத்துப்போனது என்று பலமுறை எழுதப்பட்ட இரண்டுக்கும் புதுச் சட்டை! எங்கள் அப்ளிகேஷனையும் ஒவ்வொரு பகுதியாக அங்கே நகர்த்திக்கொண்டிருக்கிறோம். ஃபார்ம்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்துவிட்டன. மாட்டிக்கொண்டது ரிப்போர்ட். நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ரிப்போர்ட் கருவி பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் மட்டுமே ஓடும். வாடிக்கையாளர்கள் தங்கள் இஷ்டப்படி மாற்றி வைத்திருக்கும் பில் வடிவங்கள் அத்தனையும் அதில்தான். அவற்றை மறுபடி வரைய யாருக்கும் நேரமில்லை. எனவே ரிப்போர்ட்டுக்கு மட்டும் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8இல் ஒரு தனி சின்ன புரோகிராம். பெரிய அப்ளிகேஷன் பில் எண்ணைக் கொடுத்தால் அது பிடிஎஃப் ஆக்கித் திருப்பித் தரும். விண்டோஸ் இருக்கும்வரை 4.8உம் இருக்கும். பில் போடுகிற அக்காவுக்கு ஆல்ட்+பி அழுத்தினால் பில் வருகிறது, முன்பைவிட அரை நொடி தாமதமாக. அந்த அரை நொடியைப் பற்றி அவர் ஏற்கெனவே புகார் சொல்லிவிட்டார்.